கழுகு இன்று தாமதமாக வரும்

தமிழ்நாட்டில் பயணிகள் தகவல் சேவை தொடங்கியது, பசித்த ஆள் ஒருவனுக்கு வயிறு நிறைந்த ஆள் ஒருவன் வழி சொன்ன அன்றுதான். இடம், தொண்டை நாட்டுச் சாலையோரம். காலம், சங்க காலம்; எந்த ஆண்டு என்று கேட்டால் இரண்டு பேராசிரியர்கள் தங்களுக்குள் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். முதலீடு, காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். செயலாக்கம், கடியலூர் உருத்திரங்கண்ணனார். திட்டத்தின் பெயர் பெரும்பாணாற்றுப்படை. மொத்த நீளம் 500 அடி.

இன்றைக்கு இதற்கு அரசு - தனியார் கூட்டு முயற்சி என்று பெயர் வைத்து, இரண்டு கைகள் குலுக்குகிற படத்தை பவர்பாயிண்டில் போடுவார்கள். அன்று ஏற்பாடு எளிமையாக இருந்தது. அரசன் சோறு போடுவான், கறி போடுவான், மெல்லிய துணி கொடுப்பான், பாணன் தலையில் பொன் தாமரை சூட்டுவான், நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி அனுப்புவான். தேரில் வருகிற பாணன், எதிரே ஒட்டிய வயிற்றோடு நடந்து வருகிற இன்னொரு பாணனை நிறுத்தி, நானும் நேற்றுவரை உன்னை மாதிரிதான் இருந்தேன் என்று பேச்சை ஆரம்பிப்பான். இப்படி ஆரம்பிக்கிறவன் எதையோ தலையில் கட்டப்போகிறான் என்று இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். அந்தப் பாணன் பாவம், பசியில் இருந்தான்.

முதலில் சாலைப் பாதுகாப்பு அறிக்கை. அவன் நாட்டில் வழிப்பறி கிடையாது. இடி இடிக்காது. பாம்பு கடிக்காது. காட்டு விலங்கு தொல்லை செய்யாது. விரும்பிய இடத்தில் இளைப்பாறலாம், பிடித்த இடத்தில் தங்கலாம். இடியையும் பாம்பையும் ஓர் அரசாங்கம் கட்டுக்குள் வைத்திருப்பதாக எழுத்தில் கிடைக்கும் உறுதிமொழிகளில் இதைத் தாண்டியது எதையும் பிற்காலச் செய்தி விளம்பரத் துறைகளால் கொடுக்க முடியவில்லை.

பிறகு போக்குவரத்து நிலவரம். உப்பு வணிகர்களான உமணர்களின் மாட்டுவண்டி வரிசை போய்க்கொண்டிருக்கிறது. வண்டியிலேயே கோழிக்கூடு, தொங்கவிட்ட குட்டி உரல், ஊறுகாய்ப் பானை. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். பின்னால் மிளகு மூட்டை சுமந்த கழுதைக் கூட்டம். இவை எல்லாம் போகிற பெருவழி, உல்கு வசூலிக்கிற பெருவழி. உல்கு என்றால் சுங்கம். சாலை பிரிகிற இடத்தில் வில்லோடு காவல் நிற்கிறார்கள். ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை என்று அங்கே யாரும் வாக்குவாதம் செய்ததாகப் பாட்டில் இல்லை.

ஆனால் புலவர் தோய்ந்து எழுதியிருப்பது சாப்பாட்டைத்தான். எயினர் பகுதியில் புற்றைக் கிளறி எடுத்த புல்லரிசிச் சோறு, கூடவே உப்புக்கண்டம். அடுத்த நிறுத்தத்தில் நாய் பிடித்துவந்த உடும்புக் கறி. ஆயர் சேரியில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்தில் வரகுச் சோற்றுக்கு அவரைப் பருப்பு. உழவர் வீட்டில் வெள்ளைச் சோற்றுக்கு வீட்டுக்கோழிப் பொரியல். தாகமெடுத்தால் கரும்பு ஆலையில் சாறு. வலைஞர் குடியிருப்பில் கள்ளுக்கு மீன். அந்தணர் வீட்டில், கோழியும் நாயும் எட்டிப் பார்க்காத சைவ வளாகத்தில், நெய்யில் பொரித்த மாதுளங்காயும் மாவடுவும். பட்டினத்தில் குழியில் கட்டிக் கொழுக்க வைத்த பன்றி. தோப்புக் குடியிருப்பில் பலா, இளநீர், வாழை. சாலைக்குச் சாலை, சாதிக்குச் சாதி என்ன கிடைக்கும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆள், உல்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. காசு கொடுத்தவன் எவனோ அவன் புகழோடுதான் பாட்டு முடிகிறது. அவன் வசூலிக்கிற சுங்கத்தைப் பற்றிப் பாணன் ஏன் பேசப்போகிறான்? செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்தத் துண்டு நிலத்தில் அதற்குப் பிறகு வழி சொன்ன அத்தனை பேரும் இந்த மரபை மீறாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பாட்டில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரத்தையொட்டிய கரைதான் என்பது ஒரு கட்சி. இல்லை என்பது இன்னொரு கட்சி. அங்கே உயரமான ஒரு மாடம். மேலே கூரை வேயவில்லை. ஏணி சாத்தி ஏறி, இரவில் தீ மூட்டுகிறார்கள். கடலில் திசை தெரியாமல் ஓடுகிற கலத்தை அந்த வெளிச்சம் கூப்பிடுகிறது. உண்மையான நேரலைத் தகவல் என்று இந்தக் கரையில் முதலில் சொல்லத்தக்கது இதுதான். தீ எரிந்தால் கரை இருக்கிறது. எரியவில்லை என்றால் விறகு தீர்ந்துவிட்டது அல்லது ஏணிக்காரன் தூங்கிவிட்டான். இரண்டே செய்திதான்.

பல்லவர்கள் வந்தார்கள். மலையைக் குடைந்தார்கள், பாறையைத் தேராக்கினார்கள், பெரிய பாறை ஒன்று முழுவதும் யானையும் தேவர்களும் நாகர்களுமாகச் செதுக்கித் தள்ளினார்கள். ஆனால் பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று கைடுகளும் ஆய்வாளர்களும் இன்றுவரை கட்சி பிரிந்து நிற்கிறார்கள். அதே பாறையில் யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கின்றன. நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இரு தரப்பையும் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய சிற்பம் வேறு எங்கும் இல்லை.

மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே உச்சியில் ஒரு சிவன் கோயில் கட்டினார்கள். ஓலக்கணேசுவரர் கோயில். வெள்ளைக்காரர்கள் வந்து, இவ்வளவு உயரத்தில் இருப்பது சாமி கும்பிட மட்டுமா என்று யோசித்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் தலையில் விளக்கை ஏற்றிவைத்தார்கள். பிறகு மனசு கேட்காமலோ, இடம் போதாமலோ, பக்கத்திலேயே கல்லால் தனிக் கோபுரம் கட்டிக்கொண்டார்கள். 1927இல் கலங்கரை விளக்கச் சட்டம் வந்து, வெளிச்சத்தைப் பயன்படுத்துகிற கப்பல்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று தீர்ந்தது. தகவல் கொடுத்தவன் தகவலுக்கே நேரடியாகக் காசு கேட்ட ஒரே சந்தர்ப்பம் இதுதான். கப்பல்காரர்கள் கட்டினார்கள். அவர்களுக்குப் பாறை எங்கே என்று தெரிய வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ஏழு கோயில்கள் என்று அழைத்தார்கள். கடலில் இருந்து பார்த்தால் தெரிகிற அடையாளம் அது. கரை இறங்கி எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கணக்கு உதைத்தது. மீதி எல்லாம் கடலுக்குள் போய்விட்டது என்று உள்ளூர்க்காரர்கள் சமாளித்தார்கள். வாடிக்கையாளர் புகாருக்கு இதைவிடச் சிறந்த பதிலைப் பிற்காலக் கால்சென்டர்கள் கண்டுபிடிக்கவில்லை. சரக்கு இருந்தது ஐயா, இப்போதுதான் மூழ்கியது.

கரையை விட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் திரும்பினால் நடுவழியில் திருக்கழுக்குன்றம். இங்கேதான் இந்திய வரலாற்றில் மிக நீண்டகாலம் நேரம் தவறாமல் ஓடிய நெடுந்தூரச் சேவை நின்று போனது. வண்டி இல்லை, இரண்டு கழுகுகள். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மலைமேல் பண்டாரம் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு உட்காருவார். வானத்தில் இரண்டு புள்ளி தெரியும். இறங்கும், கையில் இருந்தே சாப்பிடும், தட்டில் மூக்கைத் துடைக்கும், போய்விடும். பயணத் திட்டமும் ஊர் முழுக்கத் தெரியும்: காசியில் குளியல், கழுக்குன்றத்தில் சாப்பாடு, ராமேஸ்வரத்தில் தரிசனம், சிதம்பரத்தில் தூக்கம். ஊருக்கு ஊர் நிறுத்தங்கள் கொஞ்சம் மாறும். கழுக்குன்றத்துச் சாப்பாட்டு நிறுத்தம் மட்டும் எந்த அட்டவணையிலும் மாறாது. பறவை நூல்காரர்கள் இதை மஞ்சள்முகப் பாறு என்று சொல்லி, அது அவ்வளவு தூரமெல்லாம் போகாது என்று இழுப்பார்கள். அவர்களை ஊரில் யாரும் பொருட்படுத்தவில்லை.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து பார்த்து, இங்குள்ள ஒருகல் மண்டபத்தில் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள். காதலர்கள் சுவரில் பெயர் எழுதுகிற பழக்கத்தைத் தமிழ்நாட்டில் யார் தொடங்கியது என்று இனிமேல் யாரையும் திட்ட வேண்டாம்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தாமத அறிவிப்பு. கழுகு வரவில்லை என்றால், கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். தீர்ந்தது. அடுத்த நிமிடம் கூட்டம் ஒருவரையொருவர் ஒருமாதிரி பார்க்க ஆரம்பிக்கும். வெளியூரிலிருந்து வட்டிக்கு விடுகிறவர் யாராவது வந்திருந்தால் மெல்ல நகர்ந்து படி இறங்குவார். சேவை வழங்குநர் மேல் ஒரு சொல் வராது. ரயில்வே இன்றும் வெறுமே 'ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்லி அவமானப்பட்டுக்கொண்டிருக்கிறது. 'பிளாட்பாரத்தில் பாவி இருப்பதால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாமதமாக வரும்' என்று ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம். கழுகுகள் 20ஆம் நூற்றாண்டோடு வருவதை நிறுத்திக்கொண்டன. பாவிகளின் எண்ணிக்கை கையாளும் அளவைத் தாண்டியிருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கழுகின் நேரம் போதவில்லை. வில்லியம் பெட்ரி என்ற அதிகாரி 1786இல் சென்னையில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்தார். நட்சத்திரம் பார்க்கிற கூடம். சில ஆண்டுகளில் அதைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. நினைவாக நட்ட கருங்கல் தூணில் லத்தீனோடு தமிழிலும் வாசகம் வெட்டினார்கள். தனியார் தொடங்கி அரசு எடுத்துக்கொண்ட இந்தக் கூட்டு முயற்சியில் அடுத்து வந்தவர் ஜான் கோல்டிங்காம். ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்தார். 1798இல் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் கட்டுரை எழுதினார். 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, பிற்காலத்தில் மெட்ராஸ் டைம் என்று பெயர்பெற்ற நேரத்துக்கு அடி போட்டார். பாறையில் எத்தனை நூற்றாண்டு கிடக்கிறது என்று நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்த ஆள்தான் பின்னாளில் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் லேட் என்று கத்துவதற்கும் வழி செய்தார்.

ரயில் வந்தபோது கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம். சென்னையைவிடக் கல்கத்தா ஏறக்குறைய 32 நிமிடம் முன்னால், பம்பாய் 30 நிமிடம் பின்னால். இரண்டு பெரிய ஊர்களும் விட்டுக்கொடுக்காது என்பதால், நடுவில் கிடந்த சென்னை நேரத்தை ரயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. செங்கல்பட்டில் சூரியன் உச்சிக்கு வருகிற நேரத்தைச் சற்றே முன்பின்னாகப் பின்பற்றி லாகூரில் ரயில் ஏறினார்கள். சென்னைக்காரனுக்கு இப்படி ஒரு பெருமை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டது. வித்தியாசம் சுமார் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தை யாரிடமும் சொல்லாமல் நாம் வைத்துக்கொண்டோம். எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம்.

ரயிலே ஒரு கூட்டு முயற்சிதான், அதிலும் பல்லவப் பூனைக்குப் பெருமை சேர்க்கிற வகை. லண்டனில் கம்பெனி ஆரம்பிப்பார்கள். இங்கே கவர்னர் நிலம் கொடுப்பார், கூடவே போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உறுதி. ரயில் லாபத்தில் ஓடினாலும் ஐந்து, நஷ்டத்தில் ஓடினாலும் ஐந்து, வரிகட்டுகிற ரயத்து கொடுப்பான். 1874இல் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் தண்டவாளம் கொளவாய் ஏரியை ஒட்டி வந்து, செங்கல்பட்டைத் தொட்டு, பாலாற்றைக் கடந்து தெற்கே போனது. ரயிலில் வந்த துரைமார்கள் செங்கல்பட்டில் இறங்கி மாட்டுவண்டி பிடித்துத் திருக்கழுக்குன்றம், அங்கிருந்து மாமல்லபுரம் என்று போனார்கள். கையில் முர்ரே கம்பெனியின் வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். அதில் எந்தப் பங்களாவில் படுக்கலாம், எங்கே குதிரை மாற்றலாம் என்று எல்லாம் இருக்கும். வண்டிக்காரர் எவ்வளவு கேட்பார் என்பது வண்டிக்காரருக்கு மட்டும்தான் தெரியும். துரையின் தொப்பியைப் பார்த்து அவர் அந்த நிமிடத்தில் முடிவு செய்வார். உபர் நிறுவனம் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து அதையே பின்னாளில் கணினியில் எழுதியது.

படகிலும் வரலாம். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கு வடக்கே எண்ணூர் பக்கம் சொந்தக் காசில் ஒரு கால்வாய் வெட்டினார். படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொள்ள உரிமை. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். வெட்டியவர்களுக்குக் கூலியாக உயிர் மிஞ்சியது. கால்வாய்க்குப் பெயர் 1878இல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையதாயிற்று. அது மாமல்லபுரத்தின் முதுகுப்புறமாக ஓடி மரக்காணம் வரை போகிறது. விறகும் உப்பும் ஏற்றிய படகு எப்போது வரும் என்பது காற்றையும், வேலியேற்றத்தையும், கரையில் கயிறு இழுக்கிறவரின் மனநிலையையும் பொறுத்தது. மூன்றையும் முன்கூட்டிச் சொல்லக்கூடிய ஆட்கள் கரையோரம் இருந்தார்கள். அவர்களை யாரும் எந்தத் திட்டத்திலும் சேர்க்கவில்லை.

சாலைகளில் மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. ஊருக்கு ஊர் சுங்கச்சாவடி போட்டு வசூலித்த உள்நாட்டுச் சுங்கத்தை 1844இல் சென்னை மாகாணத்தில் எடுத்துவிட்டார்கள். இளந்திரையன் காலத்து வில்காரர்கள் முதல் தலைமுறை தலைமுறையாக நின்ற ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஓய்வு.

1998இல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் பிறந்தது. பாதி டிட்கோ, அதாவது அரசு. மீதி பாதி ஐ.எல். அண்ட் எஃப்.எஸ்., அதாவது தனியார் மாதிரி நடந்துகொள்கிற நிதி நிறுவனம். அக்கரையில் இருந்து புதுச்சேரி வரைக்குமான கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சீரமைத்து, 2002 மார்ச்சில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், வண்டி நின்றுபோனால் இழுக்க கிரேன், வளைவு வருகிறது என்று சொல்ல மஞ்சள் பலகை. சாலை நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் அந்தப் பக்கம் பேருந்தில் போனவர்களின் இடுப்பு அதற்குச் சாட்சி. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போன வண்டிகள் வேகம் கூட்டின, விபத்தும் கூடியது. உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லி இன்னும் பல பலகைகள்.

அடுத்து பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. விரைவுச்சாலை ஆனது, 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் கிடைத்தது. வரிசையாகச் சுங்கச்சாவடிகள். பெருங்குடிக்காரர் பால் வாங்கப் போனாலும் உல்கு. ஊர்க்காரர்கள் பதினைந்து ஆண்டு போராடினார்கள். மெட்ரோ பள்ளம் தோண்ட வந்தபோது, பள்ளத்துக்குக் காசு வாங்குவது கொஞ்சம் கூச்சமாக இருந்ததால், 2021இல் நான்கு சாவடிகளை மூடினார்கள். நாவலூர் மட்டும் 2023 அக்டோபர் வரை விடாமல் நின்றது.

வளைவு வருகிறது, மெதுவாகப் போ என்று ஊருக்கெல்லாம் பலகை வைத்த கூட்டாளி என்ன ஆனார்? 2018இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடனோடு சாலையை விட்டு இறங்கிக் குப்புற விழுந்தது. மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவைக் கலைத்து வேறு ஆட்களை உட்கார வைத்தது. ஆம்புலன்ஸ் எண் அவர்கள் கையில்தான் இருந்தது என்பது என் வயிற்றெரிச்சலில் சொல்வது.

2019 அக்டோபரில் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்துக்கு வந்தார்கள். இரண்டு அரசர்கள் ஒரே நேரத்தில் கடல்மல்லைக்கு வந்தது பல்லவர் காலத்துக்குப் பிறகு அப்போதுதான் இருக்கும். விமான நிலையத்தில் இருந்து அர்ச்சுனன் தபசு வரை சாலையில் ஒரு குண்டு குழி இல்லை, ஒரு மாடு இல்லை, ஒரு வண்டி இல்லை. இடி இடிக்கவில்லை. பாம்பும் கடிக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் சொன்னது அத்தனையும் அந்த இரண்டு நாள் நடந்தே விட்டது. மற்றவர்களுக்குப் போக்குவரத்துத் தகவல் ஒன்றுதான்: வராதீர்கள். பூனைச் சிற்பத்தின் முன் நின்று விருந்தாளிக்கு விளக்கம் சொன்னபோது எலிகளைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே 511 என்ற எண்ணை ஒதுக்கி, போன் போட்டால் சாலை நிலவரம் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். மாநில அரசு விவரம் கொடுக்கும், தனியார் கம்பெனிகள் அதைக் குரலாக்கும். நம்மிடம் அதற்கு முன்பே மாமா இருந்தார். மதுராந்தகத்தில் இருக்கிற மாமாவுக்குப் போன் போட்டால், "பாலாறு தாண்டிட்டானா? அப்போ அரை மணி நேரத்துல செங்கல்பட்டு. எதுக்கும் கொஞ்சம் முன்னாடியே போயிடு" என்பார். ரயில்வே விசாரணை எண் எப்போதும் பிஸி, மாமா எப்போதும் ஃப்ரீ. பிறகு பெங்களூருப் பையன்கள் சிலர் 'வேர் இஸ் மை டிரெய்ன்' என்ற செயலியைச் செய்தார்கள். ரயிலில் உட்கார்ந்திருப்பவரின் கைபேசி எந்த டவரில் சிக்குகிறது என்று பார்த்து ரயில் இருக்கும் இடத்தைச் சொல்லும். 2018இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. மாமாவை யாரும் வாங்க வரவில்லை.

சாலைக்கும் அதே வித்தைதான். நம் பையில் கிடக்கும் போன் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பார்த்து, இந்த ரோட்டில் நெரிசல் என்று நமக்கே சொல்வது. பாணன் பெற்ற பரிசுகூட இல்லாமல் நாம் எல்லோரும் சம்பளமில்லாப் பாணர்கள் ஆனோம். 2020இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், 99 போன்களைக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு காலி ரோட்டில் நடந்தார். வரைபடத்தில் ரோடு சிவந்துவிட்டது. நம்மூரில் அதற்குக் கலைஞர் தேவையில்லை. கல்யாண வேன் ஒன்று டீ குடிக்க நின்றாலே போதும்.

2022இல் சென்னை பஸ் செயலி வந்தது. மாநகரப் பேருந்து எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்று காட்டும். போலீஸ்காரர்கள் தனியார் மென்பொருள்காரர்களோடு சேர்ந்து எந்தச் சாலை மறிப்பு என்பதைக் கூகுள் வரைபடத்திலேயே ஏற்றத் தொடங்கினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று, செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூர்ப் பக்கம் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள், பராமரிப்பு தனியாரிடம். எந்தப் பேருந்து எந்த நடைமேடை என்று பளபளக்கும் திரை சொல்லும். கோயம்பேட்டில் இருந்து கிளாம்பாக்கத்துக்கே எப்படி வந்து சேர்வது என்பதுதான் முதல் வாரங்களில் பெரும்பாணாற்றுப்படையாக இருந்தது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் வந்தது: ஒரே செயலி, ஒரே டிக்கெட்டில் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ, ஆட்டோ. உமணரின் வண்டியைத் தவிர எல்லாம் உள்ளே இருக்கிறது.

இத்தனை செயலியும் ஒரே நாளில் தோற்பது பொங்கலுக்கு முந்தைய நாள். சென்னை மொத்தமும் தெற்கே கிளம்பும். பெருங்களத்தூரில் அடைப்பு, கூடுவாஞ்சேரியில் அடைப்பு, பரனூர் சுங்கச்சாவடியில் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பின்விளக்கு. முதல் நாளே டிவியில் அறிவிப்பு வந்துவிடும்: கார்களில் செல்வோர் தாம்பரம் வழியைத் தவிர்த்து, பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் சென்று செங்கல்பட்டை அடையலாம். அரசு சொல்கிறது. கூகுளும் அந்தக் கோட்டை நீலத்தில் காட்டுகிறது. அரசும் தனியாரும் இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் லட்சம் பேரும் அந்த வழியாகவே கிளம்புவார்கள்.

திருப்போரூர் தாண்டி, வயலுக்கு நடுவே இரண்டு வண்டி அகலம் உள்ள அந்த ரோட்டில், போன பொங்கலுக்கும் காரெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. நீலக் கோடு ஆரஞ்சாகி, ஆரஞ்சு கருஞ்சிவப்பாயிற்று. கண்ணாடிகள் இறங்கின. ஓர் அக்கா, அவித்த பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாகக் கூடையில் வைத்துக்கொண்டு வண்டி வண்டியாக வந்தார். இன்னொரு கூடை புளியமரத்தடியில் ஒரு பையன் காவலில். மூன்றாவது கூடைக்கு வீட்டில் அடுப்பு எரிகிறது என்றார்.

"இவ்ளோ கூட்டம் இந்தப் பக்கம் வரும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"நேத்து டிவியில போலீஸ்காரரே சொன்னாரே."

"சரி, செங்கல்பட்டு போய்ச்சேர எவ்ளோ நேரம் ஆகும்?"

அக்கா முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"மூணாவது கூடை வந்து தீரணும் தம்பி. கட்டு அம்பது ரூபா, எத்தனை வேணும்?"